கைபேசியும் குழுக் கூட்டத்துக்கு வரட்டும்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் குழுக் கணக்காளர் ஒருவர் ஆற்றிய உரை)



'கம்ப்யூட்டரும் இன்டர்நெட்டும் சமுதாயத்தில் உண்டாக்கிய மாற்றம்' என்று எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். பெரிய தலைப்பு. காலேஜ் பேராசிரியர் பேச வேண்டியது. நான் பத்தாம் வகுப்பு படித்தவள், குழுக் கணக்கு எழுதுகிறவள். அதனால் உலகத்தைப் பற்றிப் பேசாமல், நம்ம குழுவுக்குள்ளே இந்த மெஷின் என்ன செய்தது, இனி என்ன செய்யப் போகிறது என்பதை மட்டும் பேசிவிட்டு உட்கார்ந்துகொள்கிறேன். சமுதாயம், சமுதாயம் என்கிறார்களே, நம்ம குழுவும் ஒரு சமுதாயம்தானே? பன்னிரண்டு பேர், பதினைந்து பேர் இருக்கிற சின்ன சமுதாயம்.

முதலில் பழசைக் கொஞ்சம் நினைத்துக்கொள்வோம். இப்போது சேர்ந்திருக்கிற சின்னப் பெண்களுக்குத் தெரியாது. தமிழ்நாட்டில் இந்தக் குழுக்கள் 1989-ல் தருமபுரி மாவட்டத்தில் ஆரம்பித்தன. பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு அரசு நடத்திய திட்டம் அது. 1992-ல் நபார்டு வங்கி, 500 குழுக்களை வங்கியோடு இணைத்துப் பார்ப்போம் என்று இந்தியா முழுமைக்கும் ஒரு சோதனை முயற்சி தொடங்கியது. நிலப் பட்டா இல்லாத, நகை இல்லாத, ஜாமீன் கையெழுத்துப் போட ஆள் இல்லாத பெண்களுக்குக் கடன் கொடுத்தால் திரும்ப வருமா என்று எல்லோருக்கும் சந்தேகம். வந்தது. பெரும்பாலும் ஒழுங்காகவே வந்தது.

எப்படி வந்தது? நாம் எல்லோரும் உத்தமிகள் என்பதாலா? அப்படிச் சொன்னால் நீங்களே சிரிப்பீர்கள். நம்ம கூட்டம் நடக்கிற முறைதான் காரணம். வட்டமாக உட்காருகிறோம். நடுவில் ஒரு துண்டு விரிக்கிறோம். சந்தா, தவணை எல்லாம் அதில்தான் விழும். ஊக்குநர் எண்ணுவார், பிரதிநிதி மறுபடி எண்ணுவார், கணக்காளர் சத்தம் போட்டு வாசிப்பார். யார் கட்டினார், யார் கட்டவில்லை, ஏன் கட்டவில்லை, எல்லாம் எல்லோர் காதிலும் விழும். "புருஷனுக்கு வேலை இல்ல, இந்த மாசம் முடியல" என்று ஒருத்தி சொன்னால், பக்கத்தில் இருப்பவள் "என் பங்குல நூறு ரூபாய் சேர்த்துப் போட்டுக்கோ, அடுத்த மாசம் தா" என்பாள். தீர்மான நோட்டில் எழுதிக் கையெழுத்து வாங்குவோம். எழுதத் தெரியாதவர்கள் எழுதப் பழகிக் கையெழுத்துப் போட்டார்கள்.

பணம் என்பது அதுவரைக்கும் நமக்கு ரகசியமான விஷயம். கடன் வாங்கினால் வெளியே சொல்லக் கூடாது, வட்டி கட்ட முடியாவிட்டால் அழுதாலும் உள்ளே அழ வேண்டும். அந்த ரகசியத்தை உடைத்ததுதான் குழு செய்த பெரிய வேலை. பத்துப் பேர் பார்க்க எண்ணிய பணம் அது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நான் சொல்லப் போவது எல்லாம் இதைச் சுற்றித்தான்.

இப்போது கம்ப்யூட்டருக்கு வருவோம். அதனால் நமக்கு நன்மை இல்லை என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். முன்னெல்லாம் பாஸ்புக்கில் வரவு போடுவதற்கு ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு பேங்குக்குப் போவோம். "நெட்வொர்க் இல்லம்மா, நாளைக்கு வாங்க" என்று அனுப்பிவிடுவார்கள். இன்றைக்கு வீட்டில் இருந்தபடியே இருப்பு என்ன என்று பார்க்கிறோம். 2023 செப்டம்பர் 15-ல் கலைஞர் மகளிர் உரிமைத் தொகை தொடங்கியபோது, ஒரு கோடியே 6 லட்சம் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் அவரவர் வங்கிக் கணக்குக்கே போனது. நடுவில் கை நீட்ட ஆள் இல்லை. கம்ப்யூட்டர் இல்லாமல் இதைச் செய்திருக்க முடியுமா? அத்தனை பேருக்கும் மணியார்டர் அனுப்பியிருந்தால் நூறும் ஐம்பதும் கழிந்துதான் கைக்கு வந்திருக்கும்.

நம்ம கூட்டமைப்பிலேயே மசாலாப் பொடி அரைக்கிற குழு இருக்கிறது. வாட்ஸ்அப்பில் போட்டோ போடுகிறார்கள், ஆர்டர் வருகிறது, ஜிபேயில் பணம் வருகிறது. தையல் செய்கிற தங்கை யூடியூப் பார்த்து ஆரி வேலை கற்றுக்கொண்டாள். வகுப்புக்குப் போயிருந்தால் பீஸ் கட்டி, பஸ் ஏறி, "எங்க போயிட்டு வர்ற" என்ற கேள்விக்கும் பதில் சொல்லியிருக்க வேண்டும். கதவைத் திறக்காமலே ஒரு வகுப்பறை வீட்டுக்குள் வந்துவிட்டது. சந்தோஷப்பட வேண்டிய விஷயம்.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மெஷின் ஒன்றுதான். அதை எல்லோரும் சேர்ந்து வைத்துக்கொண்டால் ஒரு பலன், தனித்தனியாக ஒளித்து வைத்துக்கொண்டால் வேறு பலன். இதற்கு நம்ம பக்கத்துப் புதுச்சேரியில் நடந்ததைச் சொல்கிறேன்.

1998-ல் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் புதுச்சேரிக் கிராமங்களில் தகவல் மையங்களைத் தொடங்கியது. அப்போது நம்மில் பாதிப் பேர் கம்ப்யூட்டரைப் பார்த்ததே இல்லை. எம்பலம் என்கிற ஊரில் அந்த மையத்தைக் கோயில் கட்டடத்திலேயே ஒரு பக்கத்தில் வைத்தார்கள். கோயிலுக்குள் யார் வரலாம், எந்த நாளில் வரக் கூடாது என்று ஆயிரம் கட்டுப்பாடு உண்டு அல்லவா? கம்ப்யூட்டர் இருந்த பக்கத்துக் கதவில் அந்தக் கட்டுப்பாடு இல்லை. எல்லா சாதியாரும் வரலாம், பெண்கள் எந்த நாளிலும் வரலாம். நெல் விலை என்ன, அரசாங்கத் திட்டம் என்ன என்று கேட்டுத் தெரிந்துகொண்டு போகலாம்.

வீராம்பட்டினம் மீனவர் ஊர். அங்கே இருந்தவர்கள் கடலில் அலை எவ்வளவு உயரம் வரும் என்பதை அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்தில் பார்த்தார்கள். பார்த்தவர் தன்னோடு வைத்துக்கொள்ளவில்லை. கம்பத்தில் ஒலிபெருக்கி கட்டி ஊருக்கே வாசித்தார்கள். வலை பின்னிக்கொண்டே கேட்கலாம், மீன் காய வைத்துக்கொண்டே கேட்கலாம். படிக்கத் தெரிய வேண்டும் என்பதில்லை, கம்ப்யூட்டர் தெரிய வேண்டும் என்பதும் இல்லை.

2004 டிசம்பர் 26. அந்த நாளை யாரும் மறக்க மாட்டோம். நல்லவாடு என்று புதுச்சேரியில் இன்னொரு மீனவர் கிராமம். அந்த ஊர்க்காரர் ஒருவர் சிங்கப்பூரில் இருந்தார். சுனாமிச் செய்தியைப் பார்த்துவிட்டு ஊருக்குப் போன் செய்தார். போனை எடுத்தவர்கள் தங்கள் வீட்டு ஆட்களை மட்டும் கூட்டிக்கொண்டு ஓடியிருக்கலாம். அவர்கள் தகவல் மையத்தின் கதவை உடைத்து உள்ளே போய், தினமும் அலைச் செய்தி வாசிக்கிற அதே ஒலிபெருக்கியில், எல்லோரும் ஊரைவிட்டு வெளியேறுங்கள் என்று அறிவித்தார்கள். வீடுகள் போயின, படகுகள் போயின. ஆனால் 3,600-க்கும் மேற்பட்டவர்கள் உயிர் தப்பினார்கள்.

அக்கா, தங்கைகளே, அன்றைக்கு அந்த ஊரைக் காப்பாற்றியது எது? போனா? போன் பல ஊர்களிலும் இருந்ததே. ஒருவர் காதில் விழுந்த செய்தியை ஊரார் எல்லோர் காதிலும் போட ஒரு ஏற்பாடு முன்கூட்டியே இருந்தது. அதுதான் காப்பாற்றியது. தினமும் வாசித்துப் பழகியிருந்ததால் அந்த ஒலிபெருக்கி சொன்னதை ஜனங்கள் நம்பினார்கள்.

இப்போது இதற்கு நேர் எதிரான ஒன்றைச் சொல்கிறேன். கடன் ஆப்.

எங்கள் குழுவில் ஒரு தங்கை. பெயர் சொல்ல மாட்டேன், சொல்லவும் கூடாது. பிள்ளைக்குக் காய்ச்சல், கையில் காசு இல்லை, குழுக் கூட்டத்துக்கு இன்னும் ஒன்பது நாள் இருந்தது. போனில் ஒரு விளம்பரம் வந்தது. ஜாமீன் வேண்டாம், ஐந்தே நிமிடத்தில் 5,000 ரூபாய். ஆதார் போட்டோ, பான் கார்டு போட்டோ, தன் முகம் ஒரு போட்டோ கொடுத்தாள். போனில் இருக்கிற நம்பர்களைப் பார்க்க அனுமதி கேட்டது. எதற்கென்று தெரியாமலே சரி என்று அழுத்தினாள். கணக்கில் வந்தது 3,200 ரூபாய். மீதி எங்கே என்றால் 'கட்டணம்'. ஏழாம் நாள் 5,000 கட்ட வேண்டும்.

நான் கணக்கு எழுதுகிறவள், கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். நம்ம குழுவில் நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டிக்கு 3,200 வாங்கினால், மாதம் 32 ரூபாய் வட்டி. அந்த ஆப் ஏழு நாளைக்கு எடுத்தது 1,800 ரூபாய். மீட்டர் வட்டி, கந்து வட்டி எல்லாம் வேண்டாம் என்று நம்ம தமிழ்நாட்டில் 2003-லேயே சட்டம் போட்டார்கள். தெருவில் இருந்த மீட்டர் வட்டி போனுக்குள் குடிவந்துவிட்டது.

ஏழாம் நாள் அவளால் கட்ட முடியவில்லை. இன்னொரு ஆப்பில் வாங்கி இதைக் கட்டினாள். அதைக் கட்ட மூன்றாவது. அப்புறம் போன் வர ஆரம்பித்தது. ராத்திரி பத்து மணிக்கும் வந்தது. அவள் போனில் இருந்த நம்பர்களுக்கு எல்லாம், பிள்ளையின் டீச்சருக்கு, நாத்தனாருக்கு, பால்காரருக்கு, 'இவள் திருடி' என்று அவள் போட்டோவோடு மெசேஜ் போனது. போட்டோவை அசிங்கமாக மாற்றி அனுப்புவோம் என்றும் மிரட்டினார்கள்.

நல்லவாட்டு ஒலிபெருக்கியை நினைத்துப் பாருங்கள். இதுவும் ஒருவகை ஒலிபெருக்கிதான். அது ஊரைக் காப்பாற்ற ஊருக்குச் சொன்னது. இது ஒருத்தியை அவமானப்படுத்த ஊருக்குச் சொல்கிறது. அவள் பயந்து யாரிடமும் பேசாமல் இருக்கிற வரைக்கும்தான் அவர்களுக்கு வசூல். அவளுடைய வெட்கம்தான் அவர்கள் போட்ட முதல்.

அந்தத் தங்கை இரண்டு கூட்டத்துக்கு வரவில்லை. சந்தா மட்டும் பக்கத்து வீட்டம்மாவிடம் கொடுத்து அனுப்பினாள். மூன்றாவது கூட்டத்தில் நாங்களே அவள் வீட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்தோம். எங்கள் குழுவில் மூத்தவர் ஒரு பாட்டியம்மா, அவர்தான் கேட்டார்: "என்னடி ஆச்சு? எனக்கும் அந்த மெசேஜு வந்துச்சு. நான் என்ன நம்பிட்டேனா?" அவ்வளவுதான், அவள் அழுதுவிட்டாள். அழுது முடித்து எல்லாவற்றையும் சொன்னாள். அன்றைக்கே 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்தோம். மெசேஜ்களை எல்லாம் அழிக்காமல் போட்டோ பிடித்து வைத்து, சைபர் கிரைமில் புகார் பதிந்தோம். அவள் போனில் இருந்த எல்லோருக்கும் குழுவின் சார்பில் நாங்களே சொன்னோம்: "இப்படி மெசேஜ் வந்தால் நம்பாதீர்கள், பணம் கட்டாதீர்கள், புகார் கொடுத்திருக்கிறோம்." ஊருக்கே தெரிந்த பிறகு மிரட்ட என்ன இருக்கிறது? இன்னும் கொஞ்ச நாள் போன் வந்தது, அப்புறம் நின்றது. மருத்துவச் செலவுக்காக வாங்கிய கைமாற்றுக்கு உள்கடன் கொடுத்தோம். இப்போது ஒழுங்காகக் கட்டி வருகிறாள்.

இது ஒருத்தி கதை இல்லை. ரிசர்வ் வங்கி அமைத்த பணிக்குழு 2021 நவம்பரில் அறிக்கை கொடுத்தது. அந்த வருஷம் ஜனவரி, பிப்ரவரி இரண்டு மாதத்தில் தேடிப் பார்த்ததில் சுமார் 1,100 கடன் ஆப்கள் கிடைத்தன, அதில் சுமார் 600 சட்டவிரோதமானவை என்று அதில் இருக்கிறது. பாதிக்கு மேல் திருட்டு ஆப்!

அதற்குப் பிறகு 2022-ல் ரிசர்வ் வங்கி விதிகள் கொண்டுவந்தது. நம்ம எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டியதை மட்டும் சொல்கிறேன். கடன் ஆப் நம் போனில் இருக்கிற நம்பர்களையும், போட்டோக்களையும், யாரிடம் பேசினோம் என்ற விவரத்தையும் தொடக் கூடாது. கடன் கொடுப்பது எந்த வங்கி அல்லது எந்த நிதி நிறுவனம் என்று தெளிவாகச் சொல்ல வேண்டும். வருஷ வட்டி எவ்வளவு, எல்லாக் கட்டணமும் சேர்த்து எவ்வளவு என்று ஒரு விவரத் தாள் முன்கூட்டியே தர வேண்டும். வாங்கிய கடன் வேண்டாம் என்று தோன்றினால், குறிப்பிட்ட நாளுக்குள் அசலையும் அதுவரைக்குமான வட்டியையும் கட்டி, அபராதம் இல்லாமல் விலகலாம். வசூலுக்காகக் காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பின்பும் போன் செய்யக் கூடாது. சொந்தக்காரர்களிடம் சொல்லி அவமானப்படுத்தக் கூடாது. ஒரு ஆப் 'உன் நம்பர்களைக் காட்டு' என்று கேட்டால் அந்த இடத்திலேயே தெரிந்துகொள்ளுங்கள், அது விதியை மீறுகிற ஆப்.

அடுத்து, போன் யார் கையில் இருக்கிறது என்ற கேள்வி. 2019-21-ல் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், தாங்களே பயன்படுத்துகிற போன் வைத்திருக்கிற பெண்கள் நாட்டில் 100-க்கு 54 பேர். ஒரு தடவையாவது இன்டர்நெட் பயன்படுத்தியவர்கள் என்று பார்த்தால் ஆண்களில் 57 பேர், பெண்களில் 33 பேர். இப்போது கூடியிருக்கலாம். ஆனால் போன் இருந்தால் மட்டும் போதுமா?

நான் பல குழுக்களுக்குக் கணக்குப் பார்க்கப் போகிறேன். "அக்கா, கணக்குல எவ்வளவு இருக்கு?" என்று கேட்டால், "பையனைத்தான் கேக்கணும், அவனுக்குத்தான் பின் நம்பர் தெரியும்" என்கிறார்கள். கணக்கு அக்கா பெயரில், உரிமைத் தொகை அக்கா பெயரில், சிம் கார்டு வீட்டுக்காரர் பெயரில், பின் நம்பர் பையன் மனதில். அப்புறம் அந்தப் பணம் யாருடையது? முன்பு கைநாட்டு வைத்தோம். கைநாட்டு வைக்கிறவளை யார் வேண்டுமானாலும் ஏமாற்றலாம் என்றுதானே ராத்திரி லைட் வெளிச்சத்தில் கையெழுத்துப் பழகினோம்? பின் நம்பரும் கையெழுத்துதான். நம்ம கையெழுத்தை இன்னொருத்தர் போடக் கூடாது.

பையன் நல்லவன்தான், நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் பேங்க் விதி என்ன சொல்கிறது? 2017-ல் ரிசர்வ் வங்கி ஒரு சுற்றறிக்கை போட்டது. நம் தப்பும் இல்லாமல், பேங்க் தப்பும் இல்லாமல், வேறு யாரோ கணக்கிலிருந்து பணம் எடுத்துவிட்டால், பேங்க் தகவல் கொடுத்த நாளிலிருந்து மூன்று வேலை நாளுக்குள் நாம் புகார் சொல்லிவிட வேண்டும். சொன்னால் முழுப் பணமும் நமக்குத் திரும்ப வர வேண்டும். ஆனால் பின் நம்பரையோ ஓடிபியையோ நாமே யாருக்காவது கொடுத்திருந்தால், புகார் சொல்கிற வரைக்கும் போன பணம் நம் தலையில்தான். அதனால்தான் சொல்கிறேன், போனைக் கொடுங்கள், பின்னைக் கொடுக்காதீர்கள்.

இன்னொன்றும் நினைவில் இருக்கட்டும். நமக்குப் பணம் வருவதற்குப் பின் நம்பர் தேவையே இல்லை. "உரிமைத் தொகை விடுபட்டுப் போச்சு, ஓடிபி சொல்லுங்க போட்டுடறோம்" என்று எவன் பேசினாலும் அவன் திருடன். பணம் போவதற்குத்தான் பின், வருவதற்கு இல்லை. இந்த ஒரு வரியை வீட்டில் இருக்கிற வயதானவர்களுக்கும் சொல்லிக்கொடுங்கள்.

கைரேகைக்கும் இது பொருந்தும். ஊருக்குள் சின்ன மெஷினோடு வந்து, கைரேகை வாங்கிக்கொண்டு பணம் எடுத்துத் தருகிறவர்கள் இருக்கிறார்கள். பேங்க் தூரமாக இருக்கிற ஊருக்கு நல்ல உதவி. நம்மில் செங்கல் சூளை வேலை, பாத்திரம் தேய்க்கிற வேலை செய்கிறவர்களுக்கு ரேகை தேய்ந்திருக்கும். "விழலம்மா, இன்னொரு தடவை வை" என்பார்கள். உண்மையிலேயே விழாமல் இருக்கலாம். முதல் தடவையே விழுந்தும் இருக்கலாம். இரண்டாம் தடவை விரல் வைக்கும் முன்னால், முதல் தடவைக்கு என்ன வந்தது என்று சீட்டைக் கேளுங்கள். சீட்டு இல்லாத மெஷினில் விரல் வைக்காதீர்கள். தேவைப்படாத நாளில் ஆதார் கைரேகையைப் பூட்டி வைக்கவும் வசதி இருக்கிறது. போன் தெரிந்த பிள்ளைகளிடம் சொன்னால் ஆதார் ஆப்பில் செய்து தருவார்கள்.

கடைசியாக, நம்ம குழுக் கணக்கே இப்போது கம்ப்யூட்டருக்குப் போகிறது. நாங்கள் கணக்காளர்கள் டேப்பிலும் போனிலும் பதிவு செய்கிறோம். நல்லதுதான். மழையில் நனைந்து பேரேடு பாழாகாது, மேலே இருக்கிற அலுவலருக்கு உடனே தெரியும். ஆனால் சில குழுக்களில் ஒரு பழக்கம் வந்திருக்கிறது. பணம் எல்லாம் போனிலேயே போய்விடுகிறது, கணக்கும் போனிலேயே ஏறிவிடுகிறது, அப்புறம் கூட்டம் எதற்கு என்கிறார்கள். வாட்ஸ்அப்பில் 'சரி' என்று கட்டைவிரல் படம் போட்டால் கூட்டம் முடிந்தது. அந்தக் கட்டைவிரலுக்கும் பழைய கைநாட்டுக்கும் என்ன வித்தியாசம், நீங்களே சொல்லுங்கள்.

கூட்டம் என்பது பணம் வாங்க மட்டும் கூடுவது இல்லையே. முகத்தைப் பார்த்தால்தானே ஒருத்தி சரியாகச் சாப்பிடவில்லை, கண் வீங்கியிருக்கிறது, கழுத்தில் இருந்த சங்கிலி காணவில்லை என்று தெரியும்? கம்ப்யூட்டர் திரையில் அவள் 'தவணை செலுத்தியவர்' என்று பச்சை நிறத்தில் இருப்பாள். அந்தத் தவணையை எந்த ஆப்பில் வாங்கிக் கட்டினாள் என்பது திரைக்குத் தெரியாது, பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவளுக்குத் தெரியும்.

அதனால் நான் கேட்டுக்கொள்வது இதுதான். போனை விட்டுவிடச் சொல்லவில்லை. போனையும் கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள் என்கிறேன். துண்டு விரித்துப் பணத்தை எண்ணின மாதிரி, போன் விஷயத்தையும் எல்லோர் முன்னாலும் வைத்துப் பேசுவோம். ஒவ்வொரு கூட்டத்திலும் கடைசிப் பத்து நிமிஷம் இதற்கு ஒதுக்குவோம்.

அந்தப் பத்து நிமிஷத்தில் என்ன செய்யலாம்?

ஒன்று, கம்ப்யூட்டரில் ஏறிய கணக்கைக் கணக்காளர் சத்தம் போட்டு வாசிக்க வேண்டும். அவரவர் தங்கள் பாஸ்புத்தகத்தோடு சரிபார்க்க வேண்டும். வித்தியாசம் இருந்தால் அங்கேயே கேட்க வேண்டும். "மெஷின்ல அப்படித்தான் வருது" என்பது பதில் ஆகாது. மெஷினில் ஏற்றியது ஒரு மனுஷிதான்.

இரண்டு, இந்த மாதம் யாருக்கு என்ன சந்தேகமான போன், மெசேஜ், லிங்க் வந்தது என்று சொல்ல வேண்டும். ஒருத்திக்கு வந்தது நாளைக்கு இன்னொருத்திக்கு வரும்.

மூன்று, படித்த சின்னப் பெண் ஒருத்தி, தெரியாத ஒருத்திக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, இருப்புப் பார்க்கவும், பின் நம்பரை மாற்றவும் கற்றுத்தர வேண்டும். தானே செய்து கொடுத்துவிடக் கூடாது, அவளைச் செய்ய வைக்க வேண்டும். பின் போடும்போது தலையைத் திருப்பிக்கொள்ளவும் வேண்டும்.

நான்கு, வருஷத்துக்கு ஒரு தடவை நம் பெயரில் என்னென்ன கடன் இருக்கிறது என்ற அறிக்கையை இலவசமாக வாங்கிப் பார்க்கலாம். சிபில் என்கிறோமே, அதுதான். நாம் கொடுத்த ஆதார் ஜெராக்ஸை வைத்து யாராவது கடன் வாங்கியிருந்தால் அதில் தெரிந்துவிடும். வங்கி இணைப்புக் கடனுக்கு மனுப் போடும்போது தெரிந்து தலையில் கை வைப்பதைவிட முன்னாலேயே பார்த்துவிடுவது நல்லது.

ஐந்து, இதுதான் முக்கியம். ஒருத்தி ஆப்பில் கடன் வாங்கி மாட்டிக்கொண்டேன் என்று சொன்னால், "உனக்கு எதுக்குடி இந்த வேலை" என்று முதல் வார்த்தையாகக் கேட்கக் கூடாது. அப்படி ஒரு தடவை கேட்டுவிட்டால், அடுத்து மாட்டிக்கொள்கிறவள் வாயே திறக்க மாட்டாள். "எவ்வளவு, எப்போ கட்டணும், யார் மிரட்டுறாங்க" என்று கேளுங்கள். 1930-க்குப் போன் போடுங்கள். பணம் திருடு போயிருந்தால் ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்காதீர்கள். சீக்கிரம் சொன்னால், போன பணத்தை வழியிலேயே நிறுத்திவைக்க வாய்ப்பு உண்டு. அவசரத்துக்கு உள்கடன் கொடுக்க, கூட்ட நாள் வரைக்கும் காத்திருக்காமல், ஊக்குநரும் பிரதிநிதிகளும் கூடி முடிவு செய்ய ஒரு தீர்மானம் போட்டு வையுங்கள். அந்தத் தங்கை ஆப்பைத் தேடிப் போனது பேராசையால் இல்லை. பிள்ளைக்குக் காய்ச்சல், நம்ம கூட்டத்துக்கு இன்னும் ஒன்பது நாள். அந்த ஒன்பது நாள் இடைவெளியில்தான் அந்த ஆப் நுழைந்தது. அந்த வழியை நாம்தான் அடைக்க வேண்டும்.

தலைவி அவர்களுக்கு ஒரு வேண்டுகோள். இந்த விழா முடிந்து வீட்டுக்குப் போனதும் எல்லாம் மறந்துவிடும், எனக்கும்தான். அதனால் அடுத்த மாதக் கூட்டமைப்புக் கூட்டத்தின் பொருள் நிரலில் இதைச் சேர்க்கச் சொல்லிக் கேட்டுக்கொள்கிறேன். ஒவ்வொரு குழுவும் அவசர உள்கடன் தீர்மானத்தைத் தீர்மான நோட்டில் எழுதி, எல்லோரும் தங்கள் கையாலேயே கையெழுத்துப் போட்டு எடுத்து வரட்டும். கணக்குப் பார்க்க வரும்போது நான் முதலில் அந்தப் பக்கத்தைத்தான் புரட்டுவேன், இப்போதே சொல்லிவிட்டேன்.